காஞ்சனையும் அடுக்குமாடி வீடும்

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழில் பேய்க்கதை என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. ஆயினும், அக்கதையைப் படித்து முடித்த மாணவர் ஒருவரிடம், “இதில் பேய் எந்த இடத்தில் வருகிறது?” என்று வினவினால் அவர் விடை கூறத் தடுமாறுவார். பேய் வந்ததாக ஆசிரியர் எங்கும் அறுதியிட்டுக் கூறவில்லை. வந்தவள் ஒரு பிச்சைக்காரி. அவளே அவ்வீட்டில் வேலைக்காரியாக அமர்கிறாள். ஓர் இரவில் ஒரு வாடை வீசுகிறது. பின்னோர் இரவில் மனைவியின் கழுத்தில் ஒரு துளி குருதி காணப்படுகிறது. கோடாங்கி ஒருவன் திருநீறு கொடுத்துவிட்டுப் போகிறான். விடிந்ததும் வேலைக்காரியைக் காணவில்லை. கதை நிகழ்ச்சிகள் இவ்வளவே. இத்துணைச் சிறிய சரக்கைக் கொண்டு, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும், வேறொரு நாட்டில், பன்னிரண்டாம் மாடியில் அமர்ந்து படிப்பவரை எழுந்து சென்று கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வைப்பது எங்ஙனம் இயன்றது? விடையை நிகழ்ச்சிகளில் தேடிப் பயனில்லை. வருணனையில்தான் தேட வேண்டும்.

‘வருணனை’ என்னும் சொல் வகுப்பறையில் பெரிதும் அல்லற்பட்ட சொல். மாணவர் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் “வருணனை போதாது” என்று சிவப்பு மையால் எழுதுகிறார். மாணவர் அதனை, இயற்கைக் காட்சி ஒன்றைச் சேர்க்குமாறு இடப்பட்ட கட்டளையாகக் கொள்கிறார். அடுத்த கட்டுரையில் கதிரவன் மேற்றிசையில் மறைகிறான். பறவைகள் கூடு திரும்புகின்றன. தென்றல் தவழ்ந்து வருகிறது. கதை அச்சம் பற்றியதாயின் தென்றலுக்கு மாறாகச் சூறைக்காற்று வீசும், ஆந்தை அலறும், தெருநாய் ஊளையிடும், கண்ணைப் பறிக்கும் மின்னல் ஒன்று தவறாமல் வெட்டும். இத்தொடர்கள் மனப்பாடம் செய்யப்பெற்றவை. எந்தக் கதையிலும் ஒட்டவல்லவை; ஆதலால் எந்தக் கதைக்கும் உரியவை அல்ல. தெம்பனிஸில் பிறந்து, தெம்பனிஸில் வளர்ந்து, ஆந்தையின் குரலை ஒருமுறையேனும் கேட்டிராத பதினைந்து வயது மாணவி, தன் கதையில் ஆந்தையை அலற விடுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று கற்பிக்கப்பட்டிருக்கிறாள்.

தமிழ் மரபு வருணனையை இவ்வாறு கருதியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. மாந்தரின் ஒழுக்கமாகிய உரிப்பொருளே பாட்டின் உயிர் என்றாலும், நிலத்துக்கும் பொழுதுக்குமே ‘முதல்’ என்னும் பெயர் அமைந்தது. குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு என்று பொழுதுகளை உணர்ச்சிகளோடு பிணைத்தவர்கள், இடமும் நேரமும் வெறும் பின்புலத் திரை அல்ல என்பதை அறிந்தே பிணைத்தனர்.

இன்னும் நெருங்கிய சான்று ‘வரைவு கடாதல்’ என்னும் துறை. இரவில் மறைவாக வந்து செல்லும் தலைவனிடம் தோழி அவன் வரும் வழியை விரித்துரைக்கிறாள். இருள் செறிந்த மலைச்சாரல், களிறும் புலியும் உலவும் ஒடுங்கிய பாதை, பெருக்கெடுத்த காட்டாறு என்று அவள் அடுக்கிச் செல்கிறாள். மலையின் அழகைப் பாடுவது அவள் நோக்கமன்று. இவ்வழியில் இனியும் வாராதே, விரைந்து மணந்துகொள் என்று வற்புறுத்துவதே நோக்கம். அந்த வருணனை ஒரு வேலையைச் செய்கிறது. படிப்பவரையும் அது தொற்றிக்கொள்கிறது: இன்றிரவு அவன் வந்து சேர்வானா? மர்மக்கதை எழுதுவோர் தேடும் ‘அடுத்து என்ன’ என்னும் பதைப்பு, குறிஞ்சிப் பாட்டுகளில் வழியின் வருணனைக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது.

தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக எல்லா இலக்கணப் பாடங்களிலும் வரும் மதுரைக் கொடிகளையும் இங்கே நினைவு கூரலாம். கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகும்போது மதில்மேல் அசையும் கொடிகள், வர வேண்டா என்று கைகாட்டித் தடுப்பன போல் இளங்கோவடிகளுக்குத் தோன்றுகின்றன. வையை ஆறு தன் கண்ணீரை மலராடையால் மறைத்துக்கொண்டு ஓடுகிறது. கம்பரின் மிதிலையிலும் கொடிகள் அசைகின்றன. அங்கே அவை இராமனை விரைந்து வருமாறு அழைக்கின்றன. காற்றும் துணியும் இரண்டிடத்தும் ஒன்றே. பின்னர் நிகழவிருப்பதே அசைவுக்குப் பொருள் தருகிறது. ஆசிரியர்கள் இவ்விரண்டு இடங்களையும் அணியிலக்கண வகுப்பில் கற்பித்துவிட்டுச் சிறுகதை வகுப்பில் மறந்துவிடுகின்றனர் என்பது ஒரு குறை.

எனினும் சிலம்பின் பதற்றமும் காஞ்சனையின் பதற்றமும் ஓரினத்தவை அல்ல. கோவலன் கொலையுண்பான் என்பதைப் பதிகமே சொல்லிவிடுகிறது. கேட்போர் அறிவர், கோவலன் அறியான். அந்த இடைவெளியில் கொடிகள் அசைகின்றன. காஞ்சனையில் இத்தகைய உயரம் எவருக்கும் வாய்க்கவில்லை. கதையைத் தன்மை நிலையில் சொல்பவர் அறிந்ததற்கு மேல் படிப்பவர் ஒன்றும் அறியார். அவர் அறிந்ததும் உறுதியானதன்று. கொடி காட்டி எச்சரிக்க அங்கே ஒருவரும் இல்லை.

அதற்கும் மேலாக, கதைசொல்பவர் தொடக்கத்திலேயே தம் தொழிலைப் பற்றி ஒரு வாக்குமூலம் தருகிறார். தாம் கதை எழுதிப் பிழைப்பவர் என்றும், தம்முடையது உலகம் ஒப்புக்கொண்ட பொய் என்றும் எள்ளலோடு கூறிக்கொள்கிறார். இப்பகுதியைப் புதுமைப்பித்தனின் வழக்கமான நையாண்டி என்று தள்ளிவிட்டுச் செல்வோர் உளர். அது பிழை. பேய்க்கதை சொல்பவர் பொதுவாக “இது முற்றிலும் உண்மை” என்று சத்தியம் செய்து தொடங்குவார். இவர் பொய்யர் என்று அறிவித்துக்கொண்டு தொடங்குகிறார். அதனால் பின்னர் அவர் காண்பவை எல்லாம் இரு கவடாகப் பிரிகின்றன: அவை நிகழ்ந்தனவா, தூக்கமிழந்த எழுத்தாளர் ஒருவரின் மூளை நெய்தனவா? அக்கேள்வி கதை முடியும்வரை தீர்வதில்லை. பதற்றத்தின் முதல் முடிச்சு இருளில் போடப்படவில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சில் போடப்பட்டது.

அடுத்து இருளைக் கவனிக்க வேண்டும். காஞ்சனையின் இருள் மனப்பாட இருள் அன்று. அது மின்விளக்கு உள்ள வீட்டின் இருள். கதைசொல்பவர் விளக்கைப் போடுகிறார், வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது, அருகே மனைவி உறங்குவதைப் பார்க்கிறார், விளக்கை அணைக்கிறார். தாமே அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருப்பது அவருக்கு ஒரு நிம்மதி. இருள் இங்கே பகை அன்று. அவர் விரும்பிச் சூழ்ந்துகொண்ட போர்வை. அச்சக் கதையில் இருளை இன்பமாகக் காட்டுவது துணிவான செயல். அதன் பயன் உடனே தெரிகிறது. கண் மூடப்பட்ட நிலையில் வேறொரு புலன் விழித்துக்கொள்கிறது; வாடை நுழைகிறது.

மூக்கு காட்டிக்கொடுக்கும் ஒன்றைச் சரிபார்ப்பது அரிது. கண்ட பொருளைத் திரும்பிப் பார்க்கலாம். கேட்ட ஒலிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கலாம். வாடையைச் சுட்டிக்காட்டி “இதோ” என்று சொல்ல இயலாது. அதனை உணர்ந்த ஒருவருக்கு மற்றொருவரின் மூக்கே சான்று. புதுமைப்பித்தன் இதை நன்கு அறிந்தவர். கதைசொல்பவர் மனைவியை எழுப்பி வாடை தெரிகிறதா என்று கேட்கிறார். அவள் முகர்ந்து பார்த்து, எங்கோ ஊதுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள் என்னும் கருத்துப்பட விடை கூறிவிட்டு மீண்டும் உறங்கப் போகிறாள்.

இந்த ஊதுவத்தி தமிழ்ச் சிறுகதையின் மிகச் சிறந்த வருணனைகளுள் ஒன்று எனலாம். அது வாடையை மறுக்கவில்லை. வாடை இருப்பதை உறுதி செய்கிறது. அதே வேளையில் அதற்கு நாள்தோறும் காணும் ஒரு காரணத்தையும் தருகிறது. படிப்பவருக்கு அக்காரணத்தை ஏற்றுக்கொள்ள விருப்பம், ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஊதுவத்தி பூசையறையிலும் ஏற்றப்படுவது. பிணத்தின் தலைமாட்டிலும் ஏற்றப்படுவது. ஆசிரியர் இதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

பகலில் பிச்சைக்காரி வருகிறாள். இரவில் வந்திருக்க வேண்டியவளைப் பட்டப்பகலில் வாசலில் நிறுத்துவது இன்னொரு துணிவு. அவளைப் பார்த்த முதல் பார்வையில் அவள் பாதங்கள் தரையில் பதியாமல் ஒரு குன்றிமணி உயரத்துக்கு மேலே நிற்பதாகக் கதைசொல்பவருக்குப் படுகிறது. மறுகணம் அவள் சிரிக்கிறாள். அச்சிரிப்பு எலும்புக்குள் பனி ஈட்டி நுழைந்தாற்போல் அவரைத் தாக்குகிறது.

பனி ஈட்டி உவமையையே பலரும் எடுத்தாண்டு பாராட்டுவர். அது வலிய உவமைதான். ஆனால் அதற்கு முன்னுள்ள குன்றிமணி அதனினும் வலியது. ‘அந்தரத்தில் மிதந்தாள்’ என்று எழுதியிருந்தால் அது மந்திரக்கதை ஆகியிருக்கும். படிப்பவர் நம்ப மறுத்து நகைத்திருப்பார். குன்றிமணி என்பது பொற்கொல்லர் நிறுக்கும் அளவை; கையில் எடுத்துப் பார்த்த பொருள். அத்தனை சிறிய அளவைக் கண் பிழையாகவும் காணலாம், சரியாகவும் காணலாம். நம்புவதற்கும் மறுப்பதற்கும் நடுவே ஆசிரியர் விட்டுவைத்த இடம் அந்தக் குன்றிமணி உயரமே. துல்லியமான அளவு ஐயத்தைப் போக்கும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. இங்கே துல்லியமே ஐயத்தை விளைவிக்கிறது. மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய இடம் இது.

பின்னர்க் கதை இயல்பான இல்லற நடையில் செல்கிறது. வேலைக்காரி கதை சொல்கிறாள். மனைவி ஆர்வத்தோடு கேட்கிறாள். மனைவிக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்நிலையில் கணவரின் அச்சத்துக்குத் துணை எவருமில்லை. வீடு அதே வீடு. விளக்கு அதே விளக்கு. வீட்டில் ஒருவர் மட்டும் தனியராகிவிட்டார். கழுத்தில் கண்ட குருதித்துளி வரும்போது படிப்பவர் அதனை எதிர்பார்த்தே இருக்கிறார். எதிர்பார்த்தது வந்தும் அச்சம் குறையவில்லை என்பதே ஆசிரியரின் வெற்றி.

கோடாங்கியைப் பற்றி ஒரு சொல். நள்ளிரவில் அவன் வந்து திருநீறு தந்து, இனி அஞ்ச வேண்டா என்னும் பொருளில் கூறிச் செல்வது கதையின் மெலிந்த இடம் என்றே கொள்ள வேண்டும். முடிச்சை அவிழ்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தது போன்ற உணர்வு எழுகிறது. அதுவரை எல்லாம் ஐயமாக இருந்த கதையில் இவன் ஒருவனே உறுதியாகப் பேசுகிறான். ஆனால் அவ்வுறுதியைப் பொய்யர் ஒருவரின் வாயிலாகவே கேட்கிறோம் என்பதை மறவாதவர்க்குக் குறை ஓரளவு குறையும்.

அச்சத்துக்குப் பேய்தான் வேண்டும் என்பதில்லை. கு. ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ கதையில் இரண்டே சொற்கள் கொண்ட தந்தி ஒன்று சென்னைப் பொது மருத்துவமனையிலிருந்து வருகிறது. அக்காளும் தம்பியும் இரவு ரயிலில் புறப்படுகின்றனர். அவள் கணவர் இருக்கிறாரா, இறந்தாரா? ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. விடை சென்னையில் இருக்கிறது. கதையின் களன் ஒரு ரயில் பெட்டி. அதன் பொழுது விடியாத இரவு. தலைப்பே ஒரு வினா. முதற்பொருளும் பதற்றமும் வேறுவேறு அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இனித் தெம்பனிஸ். சிங்கப்பூரின் கிழக்கே அமைந்த இந்நகரம், அங்கு வளர்ந்த ‘தெம்பினிஸ்’ என்னும் வன்மரத்தால் பெயர் பெற்றது. மணல் தோண்டும் குழிகளும் காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் கம்பங்களுமாக இருந்த நிலத்தில், 1970-களின் இறுதியிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. 1992-இல் உலக வாழ்விட விருது இந்நகருக்குக் கிடைத்தது. ஒழுங்கும் வெளிச்சமும் உள்ள நகரம். இங்கே அச்சக் கதையோ மர்மக் கதையோ எழுத இயலாது என்று சிலர் கருதுகின்றனர். புளியமரம் இல்லை, சுடுகாட்டு வழி இல்லை, இருட்டே இல்லை என்பர். ஆதலால் மாணவர் கதைகள் பெரும்பாலும் விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போய்விடுகின்றன. அல்லது தெம்பனிஸ் தெருவிலேயே ஒரு பொய்ப் புளியமரம் நடப்படுகிறது.

காஞ்சனையை இந்நகரில் வைத்துப் படித்தால் இக்கருத்து எவ்வளவு தவறானது என்பது விளங்கும். மனைவி கூறிய ஊதுவத்தியையே எடுத்துக்கொள்ளலாம். 1989-இல் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கலந்து வாழ்கின்றனர். ஒரே தாழ்வாரத்தில் சீனர் வீட்டு வாசலில் சிவப்பு மாடத்துக்கு முன் ஊதுவத்தி புகைகிறது. மலாய் வீட்டில் கெமெஞான் மணக்கிறது. தமிழர் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அதே பிசின்தான். சீனரின் ஏழாம் மாதத்தில், ஆவிகள் உலவும் என்று நம்பப்படும் நாள்களில், புளோக்குகளின் அடியில் வைக்கப்பட்ட இரும்புப் பீப்பாய்களில் காகிதப் பணம் எரிகிறது. சாம்பல் மேல்மாடிகள்வரை பறக்கிறது. “எங்கோ ஊதுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள்” என்ற விளக்கம் தெம்பனிஸ் வாசகருக்குச் சென்னை வாசகரைவிட எளிதில் ஏற்புடையது. எங்கோ அன்று, அடுத்த வீட்டிலேயே ஏற்றியிருக்கிறார்கள்! ஆகவே அவருக்கு அது கூடுதல் அமைதியைத் தருகிறது. கதை முன்னேறுந்தோறும் அந்த அமைதியே அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. அன்றாடம் முகரும் ஒன்று இனி அன்றாடமாக இராது. களன் என்பது நூலில் மட்டும் இருப்பதன்று. பாதி நூலில் இருக்கிறது, மீதி படிப்பவரின் மூக்கில் இருக்கிறது.

மலாய் மரபில் ‘பொந்தியானாக்’ என்னும் பெண்பேய் பற்றிய நம்பிக்கை உண்டு. அவள் வருகைக்கு முன் ஈழத்தலரி மலரின் மணம் வீசும் என்றும், பின்னர் அது பொறுக்கவியலாத நாற்றமாக மாறும் என்றும் கூறுவர். நெல்லையிலிருந்து வந்த எழுத்தாளருக்கும் மலாய்க் கம்பத்துப் பாட்டிமார்க்கும் மூக்கே முதற்சான்றாக அமைந்தது வியப்புக்குரியது. சிங்கப்பூரின் கேத்தே–கிரிஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ‘பொந்தியானாக்’ திரைப்படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். ஆனால் திரைப்படத்துக்கு மணம் இல்லை. அது முகத்தைக் காட்டியே தீர வேண்டும். சிறுகதை காட்டாமல் விடலாம். எழுத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகையை, திரைப்படம் பார்த்தே கதை எழுதப் பழகிய இளையோர் பயன்படுத்துவதில்லை. அவர்கள் கதையில் பேய் நெடுங்கூந்தலோடு வந்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஓட்டத்தைத் தவிர வேறொன்றும் எஞ்சுவதில்லை.

அடுக்குமாடி வாழ்வு தமிழ் எழுத்துக்கு அயலானதும் அன்று. புதுமைப்பித்தன் மீதுள்ள ஈடுபாட்டால் ‘புதுமைதாசன்’ என்று புனைபெயர் பூண்ட பி. கிருஷ்ணன், 1960-களின் இறுதியில் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்னும் வானொலி நாடகத் தொடரை எழுதினார். அப்போதுதான் மக்கள் கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். அந்தப் புது வாழ்வின் நகைச்சுவையை அவர் பேச்சிலேயே உருவாக்கினார். வானொலியில் கண்ணுக்கு வேலை இல்லை. கதவு சாத்தும் ஒலியும் அண்டை வீட்டார் குரலுமே களன். சிரிப்பை விளைத்த அதே தாழ்வாரம் அச்சத்தையும் விளைக்கவல்லது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் என நான்கினைச் சுட்டுகிறார். தெம்பனிஸ் மாடியில் புலி வாராது. அரசன் சினந்து வாரான். எனினும் நள்ளிரவில் அழைப்புமணி ஒலித்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது. வாசலில் நிற்பவர் நால்வருள் யார் என்று தெரியாத அந்த நொடி எல்லா நாட்டுக்கும் பொது. நகரத்துக்கே உரிய வேறொன்றும் உண்டு: பத்தாண்டு அடுத்த வீட்டில் வாழ்ந்தும் பெயர் அறியப்படாத அண்டையர். அணங்கு தெரியாததால் அஞ்சப்படுவது. அண்டையர் தெரிந்தும் தெரியாதவர்.

மின்தூக்கியைக் காட்டாகக் கொள்ளலாம். முன்னாளில் கட்டப்பட்ட புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்பதில்லை. சில மாடிகளுக்கு ஒருமுறையே நிற்கும். மற்ற மாடியினர் இறங்கிப் படிக்கட்டு வழியே நடக்க வேண்டியிருந்தது. 2001-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தால் அந்நிலை மாறியது. பழைய நிலையைக் களனாகக் கொண்டு, மாணவி ஒருத்தி முதலில் இவ்வாறு எழுதியதாக வைத்துக்கொள்ளலாம்: “கும்மிருட்டு சூழ்ந்திருந்தது. ஆந்தை அலறியது. மாலாவின் இதயம் படபடவென அடித்துக்கொண்டது. அவள் அச்சத்தோடு மாடி ஏறினாள்.” இதில் பிழை ஏதுமில்லை, உயிரும் இல்லை. அவளே, தான் அறிந்த புளோக்கைக் கண்டு பின்வருமாறு திருத்தி எழுதியதாகக் கொள்ளலாம்: “மின்தூக்கி ஒன்பதாம் மாடியில் நின்றது. மாலா இறங்கினாள். அவள் வீடு எட்டாம் மாடி. படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதிப் படி இறங்கியபோது, மேலே மின்தூக்கிக் கதவு மீண்டும் திறக்கும் ஓசை கேட்டது. அதில் அவளைத் தவிர வேறு எவரும் வரவில்லை.”

இரண்டாம் பகுதியில் இருள் இல்லை; விளக்கு எரிகிறது. இதயம் படபடக்கவில்லை, அந்த வேலை படிப்பவருக்கு விடப்பட்டிருக்கிறது. ‘ஒன்பதாம்’, ‘எட்டாம்’ என்னும் எண்களே குன்றிமணியின் பணியைச் செய்கின்றன. கடைசித் தொடரில் அணி எதுவும் இல்லை. செய்தி மட்டுமே உண்டு. கதவு தானே திறந்திருக்கலாம். கீழிருந்து எவரேனும் பொத்தானை அழுத்தியிருக்கலாம். அந்த ‘லாம்’ இருக்கும்வரை பதற்றமும் இருக்கும். முதற்பகுதியின் ஆந்தைக்கு இத்தகைய ‘லாம்’ கிடையாது. அது அலறிவிட்டது, அவ்வளவே.

ஆசிரியர் சிலர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். மின்தூக்கி, தாழ்வாரம், புளோக், கீழ்த்தளம் என்பன அழகற்ற சொற்கள். அவற்றால் இலக்கிய நடை கெடும். மரபுத்தொடர்களும் உவமைத்தொடர்களும் இருந்தால்தான் மதிப்பெண் கிடைக்கும் என்பர். மதிப்பெண் பற்றிய கவலையைப் புறக்கணிக்க இயலாது. மாணவரின் எதிர்காலம் அதில் இருக்கிறது. ஆனால் மொழியின் எதிர்காலம் எதில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மாணவி தன் வீட்டுக்குச் செல்லும் வழியைத் தமிழில் சொல்ல ஒரு சொல் இல்லாதவளாக, காணாத ஆந்தைக்கு மட்டும் பத்துச் சொற்கள் உடையவளாக வளர்வாளாயின், தமிழ் அவளுக்குத் தேர்வு மண்டபத்தில் மட்டும் பேசப்படும் மொழியாகிவிடும். அவள் அஞ்சும்போது வேறு மொழியில் அஞ்சுவாள். ‘மின்தூக்கி’ என்னும் சொல்லில் இன்று கவிதை இல்லை என்றால், அதைக் கொண்டு ஒருவரையும் நாம் இன்னும் போதிய அளவு அச்சுறுத்தவில்லை என்பதே காரணமாகலாம். ‘ஊதுவத்தி’யிலும் 1943-க்கு முன் அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

தெம்பனிஸில் பழைய மணற்குழி ஒன்று நீர் நிறைந்து குளமாகக் கிடக்கிறது. சுற்றிலும் புதர், அப்பால் விரைவாக ஓடும் வாகனங்கள், அதற்கும் அப்பால் ஆயிரம் சன்னல்களில் விளக்குகள். தமிழ்நாட்டு ஊருணி போன்றதன்று அது. எவரும் அதில் நீர் முகப்பதில்லை, எந்தத் தெய்வமும் அதன் கரையில் இல்லை. அதனை வருணிக்க மனப்பாடத் தொடர் ஒன்றும் உதவாது. அங்கிருந்து கதை தொடங்க விரும்பும் மாணவி நேரில் சென்று பார்க்க வேண்டும். நீரின் நிறத்தையும் கரையின் மணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, அங்கே இருக்கக்கூடாத ஏதேனும் ஒன்றை, குன்றிமணி அளவுக்கு, வைத்துவிட்டு வரலாம்.